ஆறாம் உரையில் ஒரு தலையாட்டல்

— அந்தத் தலை என்னுதும்மா. அதை எங்க ஆட்டணும், எங்க ஆட்டக்கூடாதுன்னு நான்தானே முடிவு பண்ணணும்?

— அமிர்தசாமி சார், முதல்ல உட்காருங்க. கூட வந்திருக்கிற அம்மாவும் உட்காரட்டும். எங்க மாடிப்படி செங்குத்து, அவங்களுக்கு மூச்சு வாங்குது.

— படியால வாங்கலை கண்ணு. இவனால வாங்குது.

— இவங்க எங்கக்கா, பாக்கியமேரி. ரிட்டயர்டு டீச்சர். எங்க கோயில் பாட்டுக்குழு இவங்க கையிலதான் இருக்கு. அக்கா, இந்தப் பொண்ணுதான் சுபஸ்ரீ. டாக்டர் பீமராவோட ஏழு உரையையும் படம் புடிச்சு, வெட்டி ஒட்டி, யூடியூப்ல ஏத்தினது இதுதான்.

— பார்த்தா நல்ல பொண்ணாத்தான் இருக்கு.

— பார்த்தா டாக்டரும் நல்ல மனுஷனாத்தான் இருந்தாரு. சில்க் ஜிப்பா, ஜவ்வாது வாசனை. பக்கத்துல போனா கும்பிடத் தோணும். உள்ள இருக்கிறது என்னன்னு ஆறாவது உரையிலதானே தெரிஞ்சுது.

— சார், ஒரு நிமிஷம். ஃபோன்ல நீங்க கத்தினதுல பாதி எனக்குப் புரியலை. என்ன ஆச்சுன்னு நிதானமா சொல்லுங்க.

— சொல்றேன். 'காவிரிக்கரை நாதம்', இசை வரலாற்றுத் தொடர், ஆறாவது உரை. அதுல எங்கப்பாவைப் பத்திப் பேசுறாரு. எங்கப்பா இன்னாசிராஜ், கிளாரினெட் வாசிச்சவரு. எங்க கோயில் திருவிழாவுல சப்பரம் தெரு திரும்புறப்ப ஒரு மெட்டு வாசிப்பாங்க, அது அவர் போட்டது. இன்னிக்கும் அதை வாசிக்காம சப்பரம் திரும்பாது. அந்த மெட்டைப் பத்தி டாக்டர் சொன்னதை, அக்கா, நீயே சொல்லு. எனக்கு வாய் கூசுது.

— எனக்கு மனப்பாடம். "இன்னாசிராஜ் என்னும் கிளாரினெட்காரர், அரங்கன் வீதியுலாவில் ஒலித்த நாகஸ்வர உருப்படி ஒன்றைச் செவிவழியே களவாடி, அதற்கு ஞானஸ்நானம் செய்வித்தார்." சொல்லிட்டு ஒரு சிரிப்பு. முன்னாடி உட்கார்ந்திருக்கிற கூட்டமும் சிரிக்குது. அடுத்தாப்ல யார் மூஞ்சி வருது தெரியுமா கண்ணு?

— தெரியும் டீச்சர். நான்தானே வச்சேன்.

— பெத்த மகன் மூஞ்சி. கண்ணை மூடிக்கிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கிட்டு, அப்படி ஒரு ஆட்டு ஆட்டுது. எங்கப்பனைத் திருடன்ங்கிறான் ஒருத்தன். இவன் பாயசம் குடிச்ச மாதிரி சொக்கிப் போறான்.

— நான் ஆட்டலைக்கா.

— அப்ப அது யாரு, உன் நிழலா?

— நியாயமா பார்த்தா ஆட்டினேன். ஆனா அதுக்கு ஆட்டலை. சுபஸ்ரீம்மா, இதை நீ சொல்லு. நான் சொன்னா இவங்க நம்ப மாட்டேங்கிறாங்க.

— அது வேற நேரத்துல எடுத்தது டீச்சர். டாக்டர் பேசுறப்ப கேமரா அவர் மேலதான் இருக்கும். நடுநடுவுல காட்ட ரசிகர் முகம் வேணும். ஆனா நிஜமா உரை நடக்கிறப்ப ரசிகர்கள் ஃபோனைப் பார்ப்பாங்க, கொட்டாவி விடுவாங்க. ஒருத்தர் பாவம், தூங்கி விழுந்து முன்னாடி நாற்காலியில முட்டிக்கிட்டாரு. அதனால டிஃபன் முடிஞ்சப்புறம் நாலஞ்சு பேரை உட்கார வச்சு, லைட்டைப் போட்டு, சும்மா தலையாட்டச் சொல்லி எடுத்துக்குவோம். டாக்டர் உத்தரவு. "சிரக்கம்பம் இல்லாத உரை சிகரம் இல்லாத கோபுரம்" அப்படிம்பாரு.

— சிரக்கம்பமா?

— தலையாட்டல்தான் டீச்சர். அவர் வாயில தலைகூட தலையா இருக்காது.

— அப்ப இவன் ஆட்டுறப்ப எதிர்ல அந்த ஆளு இல்லையா?

— அவர் எப்பவோ காரேறிப் போயிட்டாரு. எல்லார் பார்வையும் ஒரே இடத்துல இருக்கணுமேன்னு எதிர் நாற்காலியில என் ஹேண்ட்பேக்கை வச்சிருந்தேன். சார் அதைப் பார்த்துத்தான் ஆட்டினாரு.

— கைப்பைக்கா இப்படி உருகியிருக்கான்?

— அதுதான் எனக்கும் ஆச்சரியம். மத்தவங்க கழுத்து சுளுக்கின மாதிரி ஆட்டினாங்க. சார் ஒருத்தர்தான் அனுபவிச்சு ஆட்டினாரு. டாக்டர் அதைப் போட்டுப் பார்த்துட்டு, "இந்தச் சிரத்தை விடாதே, எல்லா உரையிலும் சேர்" அப்படின்னுட்டாரு.

— எல்லா உரையிலயுமா? அக்கா, இது எனக்கே புதுசு.

— ஏழுலயும் இருக்கீங்க சார். மூணாவது உரையில, ஹார்மோனியம் நம்ம சங்கீதத்துல விழுந்த விஷத்துளிங்கிறாரு. நீங்க ஆட்டுறீங்க. அஞ்சாவது உரையில, ஹார்மோனியம் மட்டும் இல்லேன்னா நாடக மேடையே ஊமையாப் போயிருக்கும்ங்கிறாரு. அதுக்கும் ஆட்டுறீங்க.

— இவன் ஹார்மோனியம் வாசிக்கிறவன் கண்ணு.

— தெரியும் டீச்சர். அதனாலதான் ரெண்டுலயும் அவ்வளவு பொருத்தமா இருக்கு.

— நீ சிரிக்கிற. நான் தெருவுல நடக்க முடியலை. எங்க கோயில் பங்குல மார்ட்டின்னு ஒருத்தன், அந்தத் துண்டை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்ல போட்டு, கீழ என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'மகனே ஒத்துக்கொண்டார்.' மீன் வாங்கப் போனா மீன்கார அம்மா வஞ்சிரத்தை வெட்டிக்கிட்டே, ஏன் சார், அப்பா மெட்டு அப்பா மெட்டும்பீங்க, அது அப்பா மெட்டு இல்லையாமேங்கிறாங்க. கைலாசபுரம் ஃபேக்டரியில எங்கூட வேலை பார்த்த பயலுக எல்லாம் கூப்பிட்டு, தலைக்கு எண்ணெய் போட்டியான்னு கேக்குறானுங்க. இதெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன். இவங்க என்ன சொல்லிட்டாங்க தெரியுமா?

— என்ன சொன்னேன்? சனிக்கிழமை சப்பரம். நீ ஹார்மோனியத்துல கை வைக்கக் கூடாது, பக்கத்துலகூட வராதேன்னு சொன்னேன். தப்பா?

— இத்தனை வருஷத்துல நான் வாசிக்காத திருவிழா கிடையாதும்மா. ஃபேக்டரியில ஷிப்டு மாத்திக்கிட்டு வந்து வாசிச்சவன் நான்.

— அப்பனைத் திருடன்னு சொன்னதுக்குத் தலையாட்டின கை, அப்பன் மெட்டை வாசிக்கக் கூடாது.

— கை எங்கக்கா ஆட்டுச்சு, தலைதானே.

— ரெண்டும் ஒரே உடம்புலதான் இருக்கு.

— சரி சார், இதுக்கு ஏன் இவ்வளவு? அந்த இடத்துல உங்க முகத்தை எடுத்துடறேன். அதுக்குப் பதிலா டாக்டர் முகத்தையே வச்சுடறேன், அவர் சந்தோஷமாத்தான் ஒத்துக்குவாரு. உங்களுக்குப் போதுமா?

— போதாது. எங்க ஃபேக்டரியில பாய்லர் ட்யூப்ல வெல்டு தப்பாயிருந்தா மேல பெயிண்ட் அடிச்சு அனுப்ப மாட்டோம். அறுத்து எடுத்துட்டு, திரும்ப வெல்டு வச்சு, எக்ஸ்ரே எடுப்போம். தலையாட்டினதை எடுக்கணும். அந்த இடத்துல நான் நிஜமா என்ன பண்ணேனோ அதை வைக்கணும்.

— நிஜமா என்ன பண்ணீங்க?

— நீ அங்கதானேம்மா இருந்த. அந்த ஆளு களவாடின்னு சொன்ன உடனே நான் எந்திரிச்சேன். எந்திரிச்சு, ஐயா இது தப்பு, எங்கப்பாவை அப்படிச் சொல்லக் கூடாதுன்னேன். ஹாலே அமைதியாயிடுச்சு. மைக்கை வாங்கிப் பேசினேன். அந்த ஆளுக்கு வேர்த்துப் போச்சு. ஜிப்பா தோள்பட்டையெல்லாம் நனைஞ்சுது.

— போன வாரம் என்கிட்ட சொன்னப்ப மைக்கு இல்லையே அமிர்தம். எந்திரிச்சேன்னு மட்டும்தான் சொன்ன.

— சுருக்கிச் சொன்னேன்க்கா.

— மார்ட்டின்கிட்ட சொன்னப்ப மைக்கு வந்துச்சு. வேர்வை இன்னிக்குத்தான் வருது.

— அக்கா, நீ எந்தப் பக்கம்?

— எங்கப்பன் பக்கம். அதான் உன்கூட பஸ் ஏறி இங்க வந்திருக்கேன். நீ எந்திரிச்சேன்னு சொல்ற, அந்த ஆளு வெட்டிட்டான்னு சொல்ற. சரி, வா, என் கண்ணால பார்க்கிறேன். நீ நிஜமாவே எந்திரிச்சுப் பேசியிருந்தா, சனிக்கிழமை சப்பரத்துக்கு முன்னாடி நானே உனக்கு நாற்காலி எடுத்துப் போடுறேன்.

— கேட்டியாம்மா? போடு. முழுசா எடுத்தது இருக்கும்ல, வெட்டாதது. அதைப் போடு.

— சார், அது வந்து, வெட்டாததெல்லாம் ரொம்ப நாள் வச்சுக்க மாட்டோம். இடம் அடைக்கும். அந்த மெமரி கார்டு வேற பழுதாயிடுச்சுன்னு நினைக்கிறேன்.

— கண்ணு, நான் பரீட்சை ஹால்ல எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவ. பொய் சொல்லப் போற பிள்ளை முதல்ல ஜன்னலைப் பார்க்கும். நீ இப்ப ரெண்டு தடவை பார்த்துட்ட.

— பயப்படுறாக்கா. டாக்டரை நினைச்சு நடுங்குது பொண்ணு. ஏம்மா, அந்த ஆளு யாரு? பேருக்கு முன்னாடி நாத ஆய்வுச் சுடர்மணின்னு போட்டுக்குறாரே, அந்தப் பட்டத்தை யாரு குடுத்தா?

— ஒரு சபா குடுத்துச்சு சார்.

— எந்த சபா?

— அவர் நடத்துற சபாதான்.

— பார்த்தியா. தனக்குத் தானே மாலை போட்டுக்கிற ஆளு எங்கப்பாவைத் திருடன்ங்கிறான். சரி, திருடினார்னே வச்சுக்குவோம். திருட்டுப் போன பொருள் எது? அந்த நாகஸ்வர உருப்படிக்குப் பேர் என்னவாம்? ராகம், தாளம்?

— அதை நானே கேட்டேன் சார். நான் இந்தச் சித்திரை வீதியில பொறந்து வளர்ந்தவ. பெருமாள் புறப்பாடு எங்க வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும், அப்படி ஒரு உருப்படியை நான் கேட்டதே இல்லைன்னேன். "தொன்மையானவற்றை நீ கேட்டிருக்க முடியாது, குழந்தாய்" அப்படின்னாரு. யாராவது எழுதி வச்சிருக்காங்களான்னேன். "நாதத்துக்கு ஏது ஏடு" அப்படின்னாரு. அப்ப உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்னேன். அன்னிக்கு என் டிஃபன் பொட்டலத்துல வடையைக் காணும் சார்.

— கேட்டியாக்கா அநியாயத்தை?

— அநியாயத்தை நான் சொல்றேன் கேளு. ரெண்டு பேரும் கேளுங்க. அந்த மெட்டு பொறந்தப்ப நான் பக்கத்துல இருந்தேன். அப்ப நாங்க காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னாடி குடியிருந்தோம். விடியறதுக்கு முன்னாடியே லாரி வந்து வெங்காய மூட்டை இறங்கும். அந்தச் சத்தத்துல அப்பா சுவத்தைப் பார்த்து உட்கார்ந்துக்கிட்டு கிளாரினெட்ல தேடிக்கிட்டே இருப்பாரு. நாலு சுரம் வரும், அஞ்சாவது வராது. வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு. மறுநாள் திரும்ப உட்காருவாரு. என்னைப் பாடச் சொல்லுவாரு. நான் தப்பாப் பாடினா, அந்தத் தப்பு நல்லாயிருக்குன்னு அதையும் சேர்த்துக்குவாரு. அந்த மெட்டுல மேல போய்ட்டுச் சட்டுன்னு இறங்கும் பாரு, அது நான் மூச்சு பத்தாம விட்ட இடம். எந்த வீதியுலாவுல கேட்டாராம் அதை?

— இது எனக்கே நீ சொன்னதில்லையேக்கா.

— நீ தொட்டில்ல கிடந்த. உன்னைப் பெத்துப் போட்டுட்டு அம்மா போன வருஷம் அது. அம்மாவைத் தூக்கிட்டுப் போனப்ப பேண்டு வைக்கக் காசில்லை. ஊர் சாவுக்கெல்லாம் வாசிச்சவரு, பொண்டாட்டி பின்னாடி சும்மா நடந்து போனாரு. அன்னிக்கு வாசிக்காததைத்தான் பின்னாடி அவர் உட்கார்ந்து தேடினாரு. களவாடினாராம். ஞானஸ்நானம் செய்வித்தாராம். வாய் நிறைய சிரிப்பு வேற.

— டீச்சர், தண்ணி குடிங்க.

— தண்ணி வேண்டாம் கண்ணு. படத்தைப் போடு.

— டீச்சர், நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஆறாவது உரையையே எடுத்துடறேன். மொத்தமா. டாக்டர்கிட்ட ஏதாவது சாக்கு சொல்லிக்கிறேன், வேலை போனாலும் போகட்டும். மார்ட்டின் சார் அனுப்பினதும் கொஞ்ச நாள்ல மறந்துடும். இதோட விட்டுடலாமே.

— எதுக்கு விடணும்? தப்புப் பண்ணவன் ஓடணும், நான் ஏன் ஓடணும்? நான் பேசினது என் அக்காவுக்குத் தெரியணும். ஊருக்கும் தெரியணும். அதை ஒளிச்சு வச்சுக்கிட்டு உனக்கு என்னம்மா லாபம்?

— சார், நீங்க மட்டும் முதல்ல உள்ள வந்து பாருங்களேன். டீச்சர் இங்கயே உட்காரட்டும். ஹெட்ஃபோன் ஒண்ணுதான் இருக்கு.

— ஸ்பீக்கர் ரெண்டு இருக்கே மேசை மேல. எனக்கு என்ன ரகசியம்? அக்காகிட்ட மறைச்சு நான் ஒண்ணும் பண்ணதில்லை. சத்தமா வையி.

— சார், ப்ளீஸ்.

— எழுதி வச்சுக்கம்மா, இப்ப நீ போடலேன்னா நேரா கோர்ட்டுதான். என் தலையை என்னைக் கேக்காம ஏழு இடத்துல ஆட்டியிருக்க.

— போடு கண்ணு. இவன் எந்திரிச்சதை நான் பார்க்கணும். எங்கப்பனுக்காக ஒரு ஆளாவது எந்திரிச்சதைப் பார்த்துட்டுப் போறேன்.

— சரி. இதோ. இது பின்னாடி கேமரா, ஹால் முழுக்கத் தெரியும்.

— அதோ நான்தான்க்கா, முன்வரிசையில, வெள்ளைச் சட்டை. கேளு, இப்ப சொல்லுவான் பாரு.

— "...செவிவழியே களவாடி, அதற்கு ஞானஸ்நானம் செய்வித்தார்."

— சிரிக்கிறானுங்க பாரு. இதோ, இதோ எந்திரிக்கிறேன். பார்த்தியாக்கா? எந்திரிச்சேனா இல்லையா?

— எந்திரிச்ச. பார்த்தேன் அமிர்தம். மனசு ஆறுது. மைக்கையும்தான் குடுக்கிறாங்க, நான்தான் நம்பலை.

— "ஆ, அந்த இன்னாசிராஜின் புதல்வரே எழுந்து நிற்கிறார். வணக்கம் ஐயா. சபையோர் முன் கூறுங்கள். அடியேன் சொன்னதில் பிழை உண்டா?"

— நிறுத்தட்டுமா சார்?

— ஏன் நிறுத்தணும்? ஓடட்டும்.

— "பிழையா, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயா. நியாயமா பார்த்தா எங்கப்பாவுக்குச் சங்கீதமெல்லாம் தெரியாதுங்க. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதுறவரு. எங்கயாவது கேட்டிருப்பாரு, வந்து ஊதியிருப்பாரு. ஐயா மாதிரி பெரியவங்க வாயால அவர் பேர் வந்ததே எங்க குடும்பத்துக்குப் பெருமைங்க. ரொம்ப நன்றிங்க ஐயா."

— நிறுத்திட்டேன் டீச்சர்.

— அக்கா, நான் தப்புன்னு சொல்லத்தான்க்கா எந்திரிச்சேன். சத்தியமா. வார்த்தையெல்லாம் வாயில இருந்துச்சு. அத்தனை பேர் முன்னாடி அந்த மனுஷன் என்னை ஐயான்னாரு. கையைப் புடிச்சாரு. அப்புறம் நான் என்ன பேசினேன்னே எனக்குத் தெரியலை. வீட்டுக்கு வர்றதுக்குள்ள, நான் பேச நினைச்சதுதான் பேசினதா ஆயிடுச்சுக்கா.

— கண்ணு, இதை வெட்டினது யாரு? அந்த ஆளா?

— இல்லை டீச்சர். அவர் இதைத்தான் உரைக்கே மகுடம்னாரு. மகனே சாட்சின்னு பெரிய எழுத்துல போடச் சொன்னாரு. நான்தான் மைக்குல இரைச்சல், ஒண்ணும் கேக்கலைன்னு பொய் சொல்லி எடுத்துட்டேன். அந்த இடம் வெறுமையா இருந்தா மறுபடி கேப்பாரு, அதனால சார் ஹேண்ட்பேக்குக்கு ஆட்டினதைத் தூக்கி அங்க வச்சேன். இப்ப சொல்லுங்க டீச்சர், நான் என்ன பண்ணட்டும்?

— அந்தத் தலையாட்டலே இருக்கட்டும் கண்ணு. அதை மட்டும் எடுத்துடாத.